அலையில் அமிழ்ந்த அபயக்குரல்



பல்லாவரத்துக்கு வடக்கே மீனம்பாக்கம். தெற்கே தாம்பரம், அங்கே விமானப்படைத் தளம். 2016 ஜூலை 22 அன்று அத்தளத்திலிருந்து அந்தமான் நோக்கி எழும்பிற்று ஏ.என்.32 விமானம். உள்ளே 29 பேர். சென்றது, சேரவில்லை. அபாய அறிவிப்பு ஒன்றுகூடக் கரையை எட்டவில்லை. கப்பல் தேடிற்று, விமானம் தேடிற்று, நீர்மூழ்கியும் தேடிற்று. ஏழரை ஆண்டுகள் கழிந்து, 2024 ஜனவரியிலேதான், நம் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படமெடுத்தது தெரியவந்தது.

ஏன் இத்தனை காலம்? வானொலி அலை வானத்தில் வேந்தன். கடல்நீரிலே அது செல்லாக்காசு! நீருக்கடியில் ஒலியே உதவும். அவ்வொலியை எழுப்பும் கருவி அவ்விமானத்தில் இல்லை என்று அன்றைய ஏடுகள் எழுதின.

அரசின் சிறகுக்கே இக்கதியெனில், குமரிக்கரை மீனவன் கதி என்ன? 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல்! தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை வீரர்கள், புயற்செய்தி பிறக்கும் முன்பே ஆழ்கடலில் தொலைதூரம் போயிருந்தனர். கையிலிருந்தது வி.எச்.எப். வானொலி. அது நேர்கோட்டில் செல்வது. பூமியின் வளைவு அதற்குத் தடை. தாழ்ந்த கொம்புடைய படகிலிருந்து படகுக்குச் சில கடல் மைல். உயர்ந்த கோபுரமிருந்தால் கரைக்கு இருபது, முப்பது. அவர்கள் இருந்ததோ அதற்கும் அப்பால், நெடுந்தொலைவில்! கரை எச்சரித்தது, காது எட்டவில்லை. கடல் கதறிற்று, கரைக்குக் கேட்கவில்லை. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், மறைந்தனர்.

உலகம் இதற்கு வழிகாணவில்லையா? கண்டது. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது, அருகிலிருந்த கலிபோர்னியன் கப்பலின் ஒரே கம்பியில்லாத் தந்தியாளர் உறங்கப் போயிருந்தார். அந்த உறக்கம் உலகை எழுப்பிற்று, சட்டங்கள் பிறந்தன. 1999 பிப்ரவரி முதல், செயற்கைக்கோளும் தானியங்கிக் கருவியும் இணைந்த உலகக் கடல் அபாய அறிவிப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. எவருக்கு? பன்னாட்டுப் பயணிக் கப்பலுக்கும், 300 டன்னும் அதற்கு மேலும் கொண்ட சரக்குக் கப்பலுக்கும்! மீன்பிடி படகு அந்தக் கட்டாயத்துக்கு வெளியே. உயிரை டன் கணக்கில் நிறுக்கும் தராசு எந்தச் சந்தையில் வாங்கியதோ!

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். 2010 முதல் இஸ்ரோவின் அபாய அறிவிப்புக் கருவி உண்டு. பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே செய்தி போகும்; ஆனால் கரை கேட்டதா என்பதை, அழுத்தியவன் அறியான். 2019இல் ஜெமினி வந்தது. புயல் எச்சரிக்கையைப் படகுக்குச் சொல்லும், படகின் பதிலைக் கொண்டுபோகாது. ஒன்றுக்குக் காதில்லை, மற்றதற்கு வாயில்லை! பதில் உரைக்கும் புதிய கருவியை 2024இல்தான் இஸ்ரோ அறிமுகம் செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஒரு இலட்சம் படகுகளுக்கு இருவழிக் கருவி என்று 364 கோடி ரூபாயில் ஒன்றிய அரசு திட்டம் தொடங்கிற்று.

அந்தக் கருவி காசிமேட்டில் எத்தனை படகில் ஏறிற்று, தூத்தூரில் எத்தனையில் என்று, கடற்கரைக் கிளைகள் படகு படகாக ஏறி எண்ணட்டும். ஏறியதில் எத்தனை இயங்குகின்றன என்றும் எண்ணட்டும். உப்புக்காற்று இரும்பையே தின்னும், மின்கலத்தை விடுமா? கடலோரக் காவல்படையின் 1554 எண்ணையும் எடுத்துச் சொல்லுங்கள். கைப்பேசிக் கோபுரம் எட்டும் தூரம்வரைதான் அது கைகொடுக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.