பாசியும் பைசாவும்

பெப்ஸி கம்பெனி ராமநாதபுரத்தில் விவசாயம் பார்த்தது என்றால் நம்புவீர்களா? பார்த்தது. வயலில் அல்ல, கடலில்.

பயிரின் பெயர் கப்பாஃபைகஸ். வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. ஐஸ்க்ரீம், பற்பசை வழியாக ஏற்கெனவே நுழைந்திருக்கும். இந்தக் கடற்பாசியில் எடுக்கும் கராஜீனன்தான் அந்த மாதிரி சமாசாரங்களைக் கெட்டியாக நிறுத்துகிறது. நம் கடலுக்கு இது அன்னியப் பாசி. (குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் படர்ந்து வம்பும் பண்ணியது என்று 2008-ல் விஞ்ஞானிகள் எழுதினார்கள்.) பாவ்நகர் உப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்து, 2000 வாக்கில் தொழில்நுட்பத்தைப் பெப்ஸியிடம் கொடுத்தார்கள்.

மூங்கில் மிதவையில் கயிறு கட்டி விதைப்பாசியை முடிந்துவிட்டால் 45 நாளில் அறுவடை. தண்ணீர் பாய்ச்சுகிற கவலை இல்லை! சுய உதவிக் குழுப் பெண்கள், வங்கிக் கடன், கம்பெனியே கொள்முதல். தீவோரம் முங்கிப் பாசி எடுப்பதைவிட இது எவ்வளவோ தேவலை.

2008-ல் பெப்ஸி கைமாற்றிவிட்டது. குளிர்பானக்காரருக்குப் பாசி ஒரு தர்மக் கணக்கு, தர்மக் கணக்கைத்தான் முதலில் மூடுவார்கள் என்பது என் அபிப்பிராயம். வாங்கியது, பெப்ஸியில் இருந்த அபிராம் சேத்தின் அக்வாக்ரி. இவர்களுக்குப் பாசிதான் கடையே. லாபம் வந்தே ஆகவேண்டும்.

பத்து கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ. மீதி ஒன்பது கிலோ ஆவியாகப் போகிறதே? அதற்கும் ஆராய்ச்சிக்காரர்கள் வழி வைத்திருந்தார்கள். ஈரமாகவே பிழி, சாறு பயிருக்கு ஊக்கி, சக்கையில் கராஜீனன். மானாமதுரையில் ஆலை வந்தது. இஃப்கோ விற்கும் 'சாகரிகா' இந்த வம்சம்தான்.

சேவையும் லாபமும் கைகோத்தாச்சு என்று 'சுபம்' போடப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். 2012-13-ல் சுமார் 1,500 டன் காய்ந்த பாசி. அப்புறம் கடல் சூடாகி, பாசி கூண்டோடு செத்தது. விளைச்சல் சில நூறு டன்னுக்கு இறங்கியது. கம்பெனிக்கும் நஷ்டம்தான், ஆனால் கம்பெனி வேறு கடலில் வாங்கிக்கொள்ளலாம். மூங்கிலுக்கும் கயிற்றுக்கும் கடன் வாங்கிய அம்மாவுக்கு வேறு கடல் ஏது?

என் கட்சி இதுதான். லாபம் பாவமில்லை, லாபமில்லாத சேவைக்கு ஆயுசு அடுத்த பட்ஜெட் வரைதான். ஆனால் விளைந்தால் 'பங்காளி', செத்தால் 'சுயதொழில் முனைவோர்' என்றால் எப்படி சார்? விதைப்பாசிக்கும் காப்பீட்டுக்கும் ஆகிற செலவு, பாட்டில் விலையிலேயே அடங்கவேண்டும்.

வளமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா என்கிறார்கள். சந்தோஷம். கல்வெட்டில் மந்திரி பெயர் இருக்கட்டும். காப்பீட்டுப் பத்திரத்தில் மிதவை கட்டுகிற அம்மாவின் பெயர் இருக்கட்டும்.