உயரம் ஏற்றிய பழைய பிக்கப் தோட்டத்துக்கு வருகிறதா? பட்டையைக் கழற்றும் முன் கவனியுங்கள்

மங்கலம், சாமளாபுரம், பல்லடம் பகுதிகளில் தோட்டத்து வேலைக்குப் பழைய பிக்கப் வாங்கப் போகிறீர்கள் என்றால், அந்த வண்டி இதுவரை பனியன் தொழிலில் நூல் மூட்டையும் துணி ரோலும் ஏற்றி ஓடியதாக இருக்க வாய்ப்பு அதிகம். மில்லிலிருந்து நிட்டிங், அங்கிருந்து சாயப்பட்டறை, பிறகு கட்டிங் என்று ஒரே துணி பல முறை வண்டி ஏறும் ஊர் இது. நடைக்கு நடை கூடுதல் பாரம் ஏற்றினால் லாபம் என்று பின்பக்கம் ஒன்றிரண்டு பட்டைகளைக் கூட்டிப் போட்டிருப்பார்கள். விளைவு, காலி வண்டி பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

இப்போது இதைப் பேசக் காரணம் உண்டு. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது திருப்பூர் ஏற்றுமதியை நேரடியாகத் தாக்கியது. ஆர்டர் குறைந்தால் லோடு வண்டிக்கும் வேலை குறையும், சில வண்டிகள் விற்பனைக்கு வரும். அடுத்த மாதமே, செப்டம்பர் 22 முதல், சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமானது. வரிக்குறைப்பு முழுவதும் விலையில் வந்தால் புது வண்டி சுமார் 8 சதவீதம் மலிவு. புதுசு இறங்கினால் பழசும் இறங்கத்தான் வேண்டும். ஆகவே பேரம் பேச உங்களுக்கு இடமிருக்கிறது. உயரம் ஏற்றிய வண்டி என்றால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

"காட்டுக்குள் போகிற வண்டி உயரமாக இருந்தால் நல்லதுதானே" என்று தரகர் சொல்வார். பாதிதான் உண்மை. இட்டேரியில் போகும்போது முதலில் மண்ணில் இடிப்பது பின் ஆக்சிலின் நடுவிலுள்ள உருண்டையான ஹவுசிங். அது சக்கரத்தோடு சேர்ந்தே இருப்பதால், எத்தனை பட்டை போட்டாலும் அதன் உயரம் ஒரு இஞ்ச் கூடக் கூடாது. டயர் அளவு மாறினால்தான் மாறும். பட்டை தூக்குவது சேஸையும் பாடியையும் மட்டுமே.

பாடி உயர்ந்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்? தளம் 15 செ.மீ. உயரமாக இருக்கிறது என்று வையுங்கள். 50 கிலோ மூட்டை 30 ஏற்றினால், ஒரு மூட்டையைக் கூடுதலாக நாலரை மீட்டர், அதாவது ஒன்றரை மாடி உயரத்துக்குத் தூக்கிய வேலை. பால் கேன், தேங்காய், எரு, சோளத்தட்டு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ஆடு, கன்றுக்குட்டி ஏறும் பலகையும் செங்குத்தாகிவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து வரப்போரம் இருக்கிறது. சக்கரங்களின் இடைவெளி 140 செ.மீ. உள்ள வண்டியில், பாரத்தோடு சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து 100 செ.மீ. உயரத்தில் இருந்தால், கணக்குப்படி சுமார் 35 டிகிரி சரிவு வரை தாங்கும். மையம் 115 செ.மீ. ஆனால் அது 31 டிகிரியாகக் குறையும். தட்டுப்போர் ஏற்றிய வண்டி ஆடி ஆடிப் போகும்போது இந்தக் கணக்குக்கு வெகுமுன்பே கவிழும். மேலே ஆள் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

உயரத்தைக் குறைப்பது சட்டப்படி சரியா என்று கேட்பீர்கள். உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்பதே உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், கேரளத்து வழக்கு ஒன்றில், எடுத்த நிலை. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, சில நேரம் இரண்டுமே. மாற்றியவர் பழைய உரிமையாளர்தான், ஆனால் ஆர்.சி. உங்கள் பெயருக்கு வந்தபின் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆகவே கம்பெனி உயரத்துக்கு இறக்குவது தப்பைத் திருத்துவது, அதற்கும் கீழே இறக்குவது புதிய தப்பு.

பட்டை கூட்டினால் ஏற்றும் எடையும் கூடும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். பிரேக்கும் டயரும் ஆக்சிலும் பழையபடிதானே இருக்கின்றன? ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவதுதான் உங்கள் அளவு. அதை மீறினால் 194-வது பிரிவில் 20,000 ரூபாய், மிகையாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. சொந்தத் தோட்டத்து விளைச்சல்தானே என்ற சலுகை கிடையாது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்கு பெர்மிட் வேண்டாம், ஆனால் எஃப்.சி. கட்டாயம், எட்டு வயது தாண்டிய வண்டிக்கு வருடா வருடம்.

இனி வேலைக்கு வருவோம். வண்டியைக் காலியாக, சமதளத்தில், டயரில் சரியான காற்றோடு நிறுத்துங்கள். பின் சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே பாடியின் அடிவிளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து எழுதுங்கள். அதே மாடலில் கை வைக்காத வண்டி ஒன்றையும் அளந்தால் வித்தியாசம் தெரியும். பிறகு உயரம் எதனால் வந்தது என்று பாருங்கள். பெரிய டயரா, நீளமான சாக்கிலா, ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே வைத்த இரும்புக் கட்டையா, கூடுதல் பட்டையா? எது கூட்டப்பட்டதோ அதைத்தான் எடுக்க வேண்டும்.

இங்கேதான் பல பட்டறைகளில் தவறு நடக்கிறது. பாரம் ஏறினால் மட்டும் வேலை செய்யும் தடித்த ஹெல்பர் பட்டை கம்பெனியே கொடுத்தது. அதைக் கழற்றினால் காலி வண்டியின் உயரம் குறையாது, பாரம் தாங்கும் சக்திதான் போகும். இன்னொன்று, பட்டையை கேஸ் வைத்துச் சூடேற்றித் தட்டி இறக்குவது. ஸ்பிரிங் இரும்புக்கு உயிரே அது பதம் பார்த்து எடுத்த சூட்டில் இருக்கிறது. கண்டபடி சூடாக்கினால் ஒன்று வளைந்து போகும், இல்லை லோடோடு முறியும். சுருள் ஸ்பிரிங் உள்ள வண்டியில் சுருளை வெட்டுவதும் இதே ரகம்.

கூடுதல் பட்டையை எடுத்தபின் வண்டி கம்பெனி உயரத்துக்கும் கீழே உட்கார்ந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பல வருடம் அதிக பாரம் சுமந்த அசல் பட்டைகள் வளைவு போய்ச் சோர்ந்திருக்கும், கூட்டிய பட்டை அதை மறைத்துக்கொண்டிருந்தது. பேரத்துக்கு இன்னும் இடமுண்டு என்றது இதைத்தான். வாங்குவதற்கு முன்பே ஒரு புதிய பின்பட்டை செட்டின் விலையை விசாரித்து, அதைக் கழித்துப் பேசுங்கள். சேஸில் பட்டை மாட்டும் இடங்களில் வெல்டிங் தழும்போ விரிசலோ இருந்தால் அந்த வண்டியே வேண்டாம்.

பட்டையை மாற்றும்போது யூ போல்ட்டும் சென்டர் போல்ட்டும் புதிதாகப் போடுங்கள். அடுக்கு மெலிந்தபின் பழைய நீள யூ போல்ட்டில் மரை போதாமல், நட்டு இறுகியது போலத் தெரிந்தும் பட்டை தளர்வாகவே இருக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்க வேண்டும்.

பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு சிறிய வால்வு இருக்கும். வண்டி எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்துப் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் கொடுப்பது என்று அது முடிவு செய்யும். உயரம் ஏற்றிய வண்டியில், முழு லோடு இருந்தாலும் குறைந்த லோடு என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். இதைச் சரிக்கட்டக் கம்பியை யாராவது வளைத்திருந்தால், உயரத்தை இறக்கியதும் காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். மழையில் பல்லடம் ரோட்டில் இது நடந்தால் வண்டி குறுக்கே திரும்பிவிடும். ஆகவே பட்டை வேலை முடிந்ததும் அந்த வால்வைக் கம்பெனி அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். தெரியாது என்று மெக்கானிக் சொன்னால் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள், இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். முன் விளக்கின் கோணத்தையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும். பின்பக்கம் இறங்கினால் வெளிச்சம் மேலே ஏறி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

எல்லாம் முடிந்ததும் முதலில் காலியாகவும் பிறகு பாதி லோடோடும் ஆளில்லாத ரோட்டில் பிரேக் பிடித்துப் பாருங்கள். டயர் பாடியில் உரசுகிறதா, பிரேக் ஹோஸ் எங்காவது இடிக்கிறதா என்று கீழே படுத்து ஒரு பார்வை பாருங்கள். பட்டை வாங்கிய பில்லையும் வேலை செய்த பில்லையும் எஃப்.சி. தாள்களோடு வைத்துக்கொண்டால், விபத்தில் இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்கும்போது காட்டலாம். கழற்றிய பட்டைகளைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். கொல்லுப்பட்டறையில் அரிவாள் அடிக்க இதைவிட நல்ல இரும்பு கிடைக்காது.