கும்பலுக்கும் விடமாட்டோம், லோக்காப்புக்கும் விடமாட்டோம்

2013 ஆகஸ்டில் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. 04, 08, 36 என்று நம் பையன்கள் பள்ளிச் சுவர்களில் கிறுக்கித் திரிந்த எண்களெல்லாம் அரசாங்கப் பட்டியலில் ஏறின. 40,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் இந்தியர்கள் என்று அறிவித்தார்கள். நாட்டின் மக்கள்தொகையில் நாம் ஏறக்குறைய 7 விழுக்காடு. இந்தக் கணக்கை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் கணக்கில் பாதி பொய் என்றே வைத்துக்கொண்டாலும், மிச்சப் பாதி நம் வீட்டுப் பிள்ளைகள். அதை மறுத்துப் பேச யாரால் முடியும்?

அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஜூலை 29 அன்று, அரபு மலேசிய வங்கியை நிறுவிய ஹுசேன் நஜாடி கோலாலம்பூர் நடுவே பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரமே நடுங்கியது. விசாரணையில்லாமல் அடைக்க இடம் தந்த அவசரகாலச் சட்டத்தை 2011-இல் நீக்கியதால்தான் இவ்வளவும் என்று மேலிருந்து குரல் எழுந்தது. அக்டோபரில் குற்றத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது. வழக்கும் விசாரணையும் இல்லாமல் ஒருவரை இரண்டு ஆண்டு உள்ளே வைக்கும் அதிகாரம் 'பொக்கா' என்ற பெயரில் திரும்பி வந்தது. அதற்கு முன்பே, 2012-இல், 'சொஸ்மா' என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டம் வந்திருந்தது. பிடித்தவரை 28 நாள் வரை வைத்திருக்கலாம், பெரும்பாலும் ஜாமீன் கிடையாது. பயங்கரவாதிகளுக்கு என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டம், கும்பலில் இருந்தான் என்ற சந்தேகத்தின் பேரில் நம் பையன்கள் மேலும் பாய்ந்தது. அவர்களுடைய தாய்மார்கள் சுங்கை பூலோ சிறை வாசலில் பட்டினி கிடந்தார்கள்.

நகரம் பாதுகாப்பாக இருக்க வேண்டுமானால் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்கிறார்கள். பொறுத்துக்கொள்ள முடியாது. காரணம் குகன். 2009 ஜனவரியில் கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்டு, சுபாங் ஜெயாவின் தைப்பான் காவல் நிலையத்தில் இறந்தபோது அவருக்கு வயது 22. நுரையீரலில் நீர் கோத்து இறந்தார் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பம் விடாமல் போராடி இரண்டாவது பரிசோதனை செய்தபோது உடம்பில் 45 காயங்கள். 2013 ஜூனில் நீதிபதி வி.டி. சிங்கம் காவல்துறையைப் பொறுப்பாக்கி, தாய்க்கு எட்டு லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்புதான் கோலாலம்பூர் போலீஸ் தலைமையகத்தில் தர்மேந்திரன் இறந்திருந்தார். கோம்பாக்கில் தடுத்து வைக்கப்பட்டிருந்த கணபதி, 2021 ஏப்ரலில் சிலாயாங் மருத்துவமனையில் உயிரை விட்டார். காவல்துறையைக் கண்காணிக்கச் சுயேச்சை ஆணையம் வேண்டும் என்று அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்தது 2005-இல். 18 ஆண்டு இழுத்து 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஆணையத்துக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. கண்டதை எழுதி மேலே அனுப்பலாம், அவ்வளவுதான்.

குகன் இறந்த அந்தக் காவல் நிலையம் நிற்கும் நிலம் எது தெரியுமா? சுபாங் ஜெயாவும் யூஎஸ்ஜேயும் சீஃபீல்டு தோட்டத்தை அழித்துக் கட்டியவை. நம் தாத்தா பாட்டிகள் பால்மரம் வெட்டிய மண். ஷா ஆலாமுக்குக் கீழே சுங்கை ரெங்கம் தோட்டம் கிடக்கிறது. தோட்டத்தை விற்றவர்கள் கோடிகளோடு போனார்கள். தோட்டத்து மக்கள் புறம்போக்குக் குடிசைக்கும், தற்காலிகம் என்று சொல்லிப் பல ஆண்டு வைத்திருந்த நீண்ட வீடுகளுக்கும், பிறகு பழுதான லிஃப்டோடு நிற்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். வேலை போனது, வீடு போனது, கோயில் போனது, பிள்ளையைக் கண்டிக்க அக்கம்பக்கத்தில் இருந்த பெரியவர்களும் சிதறிப் போனார்கள். 2001 மார்ச்சில் கம்போங் மேடான் இன மோதலில் ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டது இப்படிப்பட்ட நெரிசலில்தான். அப்பா லாரியிலும் அம்மா ஃபேக்டரி ஷிஃப்டிலும் இருக்க, படிவம் இரண்டில் பாடம் புரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் "யாரு உன்னைத் தொட்டது, சொல்லு, நான் பாத்துக்கிறேன்" என்று முதலில் சொல்பவன் கும்பல்காரன். இரவில் பசித்தால் மாமாக் கடையில் சாப்பாடு வாங்கித் தருபவனும் அவனே. நம்மில் யார் அந்தப் பையனின் பெயரையாவது கேட்டோம்?

அதற்காகக் குண்டர்களுக்கு வக்காலத்து வாங்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். கைப்பையைப் பறித்து, அதை விடாத பெண்ணைத் தார் ரோட்டில் இழுத்துப்போகிற மோட்டார் சைக்கிளுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. கும்பல் முதலில் கை வைப்பது நம் வியாபாரி மேலும் நம் பெண்கள் மேலும்தான். ஆகவே தோழர்களே, கும்பல் தலைவன் செத்தால் எண் போட்ட கொடி பிடித்து ஊர்வலம் போகிற கூட்டத்தில் நம் ஒருவர் காலும் படக்கூடாது. திருவிழாவுக்கு அவர்கள் நீட்டும் நன்கொடையைக் கோயில் நிர்வாகம் வாங்கினால், ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று பெயர் சொல்லிக் கேளுங்கள். காவடிப் பாதையில் கும்பல் சட்டைக்கு இடமில்லை என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் பக்தர்கள். போலீஸ் வந்து சொல்லும்வரை காத்திருப்பது வெட்கம்.

1947-இல் கெடாவில், பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில், ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைக்கு எதிராகக் கிளம்பியது. படிக்காத பால்வெட்டுத் தொழிலாளர்கள் அவர்கள். வெள்ளைக்கார துரையும் போலீசும் சேர்ந்து நசுக்கியும், தங்கள் லயத்தைத் தாங்களே காக்க முடியும் என்று காட்டினார்கள். கைப்பேசியும் வாகனமும் பட்டமும் உள்ள நமக்கு என்ன குறை?

பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல், காப்பார், கிள்ளான், பூச்சோங் தோழர்கள் தங்கள் புளோக்கில் ஐந்து பேரைச் சேருங்கள். பள்ளிக்குப் போகாத பையன் யார் என்று மாடி மாடியாக ஏறிக் கேளுங்கள். அவனைத் திட்ட வேண்டாம். தலைமையாசிரியரிடம் கூட்டிப் போங்கள், இல்லையென்றால் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேருங்கள், சேர்த்த பிறகும் மூன்று மாதம் விடாமல் பின்தொடருங்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து எல்ஆர்டியிலிருந்து வரும் பெண்களுக்கு எந்தப் பாதையில் விளக்கு எரியவில்லை, எந்த நடைபாதைக்குத் தடுப்புக் கம்பி இல்லை என்று படம் எடுத்து நகராண்மைக் கழகத்தில் கொடுங்கள். நடக்காவிட்டால் இருபது பேராகப் போய் உட்காருங்கள்.

யாராவது பிடிபட்டால் அந்த இரவே நடக்க வேண்டியது ஒன்று உண்டு, எல்லோரும் மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லும் உரிமையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு தருகிறது. சாதாரண வழக்கில் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. காசில்லை என்றால் தேசிய சட்ட உதவி அறவாரியமான ஒய்பிஜிகேயின் வழக்கறிஞர் வருவார், கேட்க வேண்டும். காவல் நிலையத்துக்குத் தாயைத் தனியாக அனுப்பாதீர்கள். இரண்டு பேர் கூடப் போங்கள். எந்த அதிகாரியிடம் பேசினீர்கள், எத்தனை மணிக்கு, பிடிபட்டவருக்கு என்ன நோய், என்ன மருந்து, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். வெளியே ஆள் காத்திருக்கிறது என்று தெரிந்த லோக்காப்பில் கை ஓங்க யோசிப்பார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஐந்து பேரின் பெயரோடு உங்கள் புளோக்கின் பட்டியல் தயாராக வேண்டும். இன்றிரவே முதல் கதவைத் தட்டுங்கள், தோழர்களே.