ஓய்ந்த எஞ்சின் அணைந்த எஞ்சின் அல்ல



மார்க்கம் பேசும் இந்தப் பக்கத்தில் மோட்டார் வாகனத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. இன்று நம் குடும்பங்களில் பெண்மக்கள் பலர் தாமே வாகனம் ஓட்டுகிறார்கள். ஓட்டாதவர்களும் பிள்ளைகளுடன் அதில்தான் போய் வருகிறார்கள். அண்மைக் காலத்து வாகனங்கள் பலவற்றில், சமிக்ஞை விளக்கின் முன் பிரேக்கை மிதித்து நின்றதும் எஞ்சின் தானாகவே ஓய்ந்துவிடுகிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் தானாகவே இயங்குகிறது. கியர் மாற்றி ஓட்டும் வாகனமாயின் கிளச்சை மிதித்ததும் உயிர் பெறும். இதைக் கண்டு பழுதென்று பயப்படுவோர் உண்டு. தொல்லையென்று எந்நேரமும் அதை நிறுத்தி வைப்போரும் உண்டு. இரண்டுமே அறியாமையால் வருவன.

இதன் தத்துவத்தை விளங்கிக்கொள்ள, ஊர்காவற்றுறையில் படகேறி எழுவைதீவுக்கு வாருங்கள். கடல் சூழ்ந்த இச்சிறு தீவுக்கு நாட்டின் பிரதான மின்கம்பி வருவதில்லை. ஒரு காலத்தில் டீசல் எஞ்சின் ஓடினால்தான் இங்கே வெளிச்சம். பின்னர் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் சூரிய ஒளி, காற்று, லித்தியம் பற்றரி, டீசல் எஞ்சின் ஆகிய நான்கையும் இணைத்து ஒரு மின் அமைப்பு உருவாக்கப்பட்டது. வெயிலும் காற்றும் தருகிற மின்சாரம் பற்றரியில் சேர்கிறது. அது போதுமான வரையில் எஞ்சின் ஓய்ந்திருக்கலாம். போதாதபோதுதான் டீசல் எரிய வேண்டும். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் இத்தகைய அமைப்பை இந்திய நன்கொடையில் நிறுவ 2024 மார்ச் மாதம் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன் திட்டத்திலும் டீசல் எஞ்சினுக்கு இடம் உண்டு. ஆனால் தேவைக்கு உதவும் துணையாக மட்டுமே.

நம் வாகனத்தில் நடப்பதும் இதுதான். 2012 இல் ஜப்பானில் வெளிவந்த சுசுகி வேகன் ஆர் காரில், வேகம் குறையும்போது வீணாகும் சக்தியைச் சேமிக்க ஒரு சிறிய லித்தியம் பற்றரி வைத்தார்கள். எஞ்சின் ஓய்ந்திருக்கும் வேளையில் விளக்குக்கும் வானொலிக்கும் அது மின்சாரம் தரும். குளிர்காற்று உடனே சூடாகிவிடாதிருக்க, குளிரைப் பிடித்து வைக்கும் பொருளையும் உள்ளே பொருத்தினார்கள்.

உறங்கப் போகும்போது விளக்கை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஓடும் ஆற்றங்கரையில் வுளூச் செய்தாலும் நீரை விரயமாக்கக் கூடாது என்பதும் அவர்களின் போதனையே. இருக்கிறதே என்பதற்காக எரிப்பதும் ஊற்றுவதும் முஸ்லிமின் பண்பல்ல. 2022 ஜூலையில் கியூஆர் அட்டை முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்து தந்தார்கள். அன்று ஒவ்வொரு துளியையும் எண்ணினோம். தட்டுப்பாடு நீங்கியதும் அந்த எண்ணமும் நீங்கிவிட வேண்டுமா?

பத்து விநாடிக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால், எஞ்சினை ஓடவிடுவதைவிட நிறுத்தி மீண்டும் இயக்குவதே எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வுக்கூடம் கூறுகிறது. ஆகவே ரயில் கடவையிலும் நீண்ட சிவப்பு விளக்கிலும் எஞ்சின் தானாக ஓய்வதை விட்டுவிடுங்கள். வாகனங்கள் நத்தைபோல் ஊர்ந்து ஊர்ந்து நிற்கும் இடத்திலோ, எதிர்வரும் வாகனங்களுக்கிடையே வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும்போதோ, அதற்கென உள்ள ஆளியை அழுத்தி இவ்வசதியை நிறுத்தி வைப்பதில் தவறில்லை. பெரும்பாலான வாகனங்களில் அடுத்த முறை வாகனத்தை இயக்கும்போது அது தானாகவே திரும்பி வந்துவிடும். பிரேக்கை இலேசாக மிதித்து எஞ்சின் ஓயாமல் பார்த்துக்கொள்ளும் சாரதிகளும் உண்டு. எல்லா வாகனமும் அதற்கு இணங்காது. வாகனம் முன்னே நகர்ந்துவிடும் அபாயமும் அதில் இருக்கிறது. ஆளியே நல்லது.

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் தீவிலிருந்து வரும் படகுக்காகக் காத்திருப்போர் எஞ்சினை முழுவதுமாகவே அணைத்துவிட வேண்டும். குளிருக்காக அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிடுவது வீண்விரயம்தான்.

பற்றரி விடயத்திலும் கவனம் வேண்டும். இவ்வகை வாகனங்களுக்கு அடிக்கடி இயக்குவதைத் தாங்கும் விசேட பற்றரி இருக்கிறது. விலை குறைவென்று சாதாரண பற்றரியைப் போட்டால் அது விரைவில் செத்துப்போகும். நாலு பணத்தை மிச்சம் பிடிக்கப் போய் நாற்பது பணத்தை இழக்கும் கதைதான்.

சகோதரிகளே, எல்லாவற்றிலும் முக்கியமானது இனிமேல் சொல்வது. எஞ்சின் ஓசையின்றி இருப்பதால் அது அணைந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். குளிரூட்டி சூடானாலோ பற்றரி இறங்கினாலோ, பிரேக்கில் கால் இருக்கும்போதே அது தானாக இயங்கத் தொடங்கலாம். கியர் ஓட்டும் நிலையில் இருக்கக் காலை எடுத்தால் வண்டி நகரும். கதவைத் திறந்தாலோ சாரதியின் பட்டியைக் கழற்றினாலோ சில வாகனங்கள் ஒலி எழுப்பும், சில இயங்கத் தொடங்கும். வாகனத்துக்கு வாகனம் இது மாறுபடும். பிள்ளையைப் பாடசாலை வாசலில் இறக்கிவிட ஒரு நொடிதானே என்று அந்த நிலையிலேயே இறங்கிப் போகாதீர்கள். கியரைப் பார்க் நிலைக்குக் கொண்டுவந்து, கைப்பிரேக்கை இழுத்து, எஞ்சினை நீங்களே அணைத்து, திறப்பைக் கையில் எடுத்த பின்னரே இறங்குங்கள். அமெரிக்காவில், பொத்தானை அழுத்தி இயக்கும் கார்களை அணைத்துவிட்டதாக நினைத்து வீட்டோடு ஒட்டிய கராஜில் விட்டுச் சென்றவர்கள், கண்ணுக்குத் தெரியாத நச்சுப் புகையால் உறக்கத்திலேயே இறந்திருக்கிறார்கள்.

இயந்திரம் தானாக நிற்கும், தானாக ஓடும். ஆனால் மறுமையில் அதனிடம் கேள்வி கணக்கு இல்லை, நம்மிடம்தான் உண்டு. எரிபொருளும் அமானிதம், பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளைகளும் அமானிதம். உங்கள் வீட்டு வாகனத்தின் கைநூலை இன்றே எடுத்து அந்தப் பகுதியை வாசித்துப் பாருங்கள். ஓட்டுபவர் கணவரோ மகனோ ஆனால் அவரிடமும் படித்துக் காட்டுங்கள்.

விரயத்திலிருந்தும் விபத்திலிருந்தும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.