எல்லையை யார் போடுவது?

எல்லைக் கோடு என்றால் என்ன என்று பாலசமுத்திரத்தாருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ம.பொ.சி. முதலானோர் நடத்திய வட எல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. சித்தூரும் அதையொட்டிய தமிழ் பேசும் ஊர்கள் பலவும் ஆந்திரத்திலேயே நின்றன. அவற்றில் ஒன்று நம் பாலசமுத்திரம். கோடு போட்டவர்கள் வேறு, கோட்டின்மேல் குடியிருந்தவர்கள் வேறு.

இப்போது இன்னொரு கோடு போடப்படுகிறது. இது நிலத்தின்மேல் அல்ல, பொருளின்மேல். நாம் பிழைக்க வந்த நாட்டுக் கடைகளில் சித்தூர் மாங்கூழ் டின் விற்கிறதே, அதையே எடுத்துக்கொள்வோம். தோப்புக்குப் போட்ட உரம், ஆலையில் எரிந்த கரி, டின்னின் இரும்பு, கப்பலின் எண்ணெய், கடைசியில் குப்பைமேடு வரை ஒரு பொருள் மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் என்ன செலவு வைத்தது என்று கணக்கெழுதி, வெளியார் ஒருவர் சரிபார்த்து வெளியிடுவதுதான் சுற்றுச்சூழல் வாழ்க்கைக் கணக்கு அறிக்கை. 2006-இல் ஐ.எஸ்.ஓ. 14025 என்ற பன்னாட்டு விதி இதற்கு அடிப்படை வகுத்தது. ஆனால் மாங்கூழுக்கு எப்படி, துணிக்கு எப்படி, சிமெண்டுக்கு எப்படி என்ற பொருள்வகை விதிகளை நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் தனித்தனியே எழுதிக்கொண்டார்கள்.

விளைவு என்ன? சாதகத்தை நம்பாதவர்களுக்கும் இது தெரியும்: ஒரே குழந்தைக்கு வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று சொல்லும், திருக்கணிதம் வேறொன்று சொல்லும். அதுபோலத்தான் இதுவும். பழத்தில் கணிசமான பங்கு தோலும் கொட்டையும். அவற்றை மாட்டுக்குப் போட்டால் தோப்பின் செலவில் ஒரு பகுதியை அந்தத் தீவனத்தின் பேரில் எழுதலாமா, முழுவதையும் கூழின் தலையில் கட்டுவதா? எடைப்படி பிரிப்பதா, விலைப்படி பிரிப்பதா? கணக்கு ஆலை வாசலோடு முடியுமா, நம் வீட்டுக் குப்பைத்தொட்டி வரை போகுமா? ஒவ்வொரு பதிலுக்கும் ஒவ்வொரு எண் வரும். பணம் படைத்த கம்பெனி தனக்குத் தோதான விதியைத் தேடிக்கொள்ளும். சிறிய ஆலை, கேட்கிற ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கணக்கு எழுதி, ஒவ்வொன்றுக்கும் நிபுணருக்கும் சரிபார்ப்பவருக்கும் லட்சங்களில் அழ வேண்டும்.

ஆகவே உலகுக்கு ஒரே விதி என்ற கோரிக்கையை நாம் எதிர்க்கத் தேவையில்லை, ஆதரிக்கவே வேண்டும். கட்டடப் பொருள்களுக்கு ஐரோப்பா 2012-இல் ஈ.என். 15804 என்ற பொது விதியைக் கொண்டுவந்தது. 2019-இல் அதைத் திருத்தவும் செய்தது. அதற்கு முன் ஜெர்மானியர் கணக்கு ஒன்று, பிரெஞ்சுக்காரர் கணக்கு வேறு. ஆக, ஒன்றுபடுத்த முடியும். நம் கேள்வியெல்லாம், அந்த ஒரே விதியை எழுதும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான்.

திருப்பூரைப் பாருங்கள். சாயக்கழிவு நொய்யலைக் கொன்றது. 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டை ஆனது. உழவர்கள் வழக்காடினார்கள். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. பிறகு கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து, மீண்டும் பயன்படுத்தும் முறை வந்தது. அந்தத் தண்ணீரைக் காய்ச்சி வற்ற வைக்க விறகும் மின்சாரமும் ஏராளமாகச் செலவாகின்றன. கரியமில வாயுவை மட்டும் எண்ணும் கணக்கில், ஆற்றைக் காப்பாற்றிய பனியன் குற்றவாளி ஆகிவிடும், ஆற்றில் சாயம் விட்ட பனியன் நல்லபிள்ளை ஆகிவிடும்! தண்ணீரையும் எண்ணச் சொல்ல அந்த மேசையில் நொய்யல் கரைக்காரன் ஒருவன் இருக்க வேண்டாமா?

அடுத்தது சராசரி. தோப்புக்காரனிடம் கணக்கு இல்லையென்றால் 'இந்திய மாம்பழம்' என்று யாரோ போட்டு வைத்த பொது எண்ணை எடுத்து ஒட்டுவார்கள். வானம் பார்த்த தோப்புக்கும் இரவு பகலாக மோட்டார் ஓடும் தோப்புக்கும் ஒரே எண். சராசரி எண்ணின் அழகை நார்வே நாடே சொல்லிவிட்டது: பருத்திச் சட்டையின் பெருமை பேச ஒரு கம்பெனி காட்டிய 'ஹிக்' அளவுகோல் நுகர்வோரை ஏமாற்றக்கூடியது என்று அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் 2022 சூனில் கண்டித்தது. இரும்பு, சிமெண்டு, அலுமினியம் போன்றவற்றுக்கு ஐரோப்பா 2026 சனவரி முதல் எல்லைக் கரிவரியை நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. சொந்தக் கணக்குக் காட்டாதவருக்கு அங்கே பொது எண்தான், அதுவும் கூட்டிப் போட்ட எண். மாங்கூழுக்கு அப்படி வரி ஏதும் இல்லை. ஆனால் வாங்குகிற பெரிய கம்பெனி கேட்டால் அதுவே சட்டம்.

கேட்கும்போது யார் தலையில் விழும்? 2025 சூனில் சித்தூரில் தோத்தாபுரி, அதாவது நம் கிளிமூக்கு, விலை சரிந்தது. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்றது: ஆலைகள் 8, அரசு 4. பிற மாநில மாங்காய் உள்ளே வரவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது, கர்நாடக முதல்வர் கடிதம் எழுதினார். எட்டு ரூபாய்க்கே இத்தனை இழுபறி என்றால், கணக்கெழுதும் செலவை ஆலைக்காரன் யாரிடம் பிடிப்பான் என்பதை நான் சொல்லவும் வேண்டுமா? (பழம் நறுக்கும் பெண்களின் கூலி அந்த அறிக்கையில் வரவே வராது. அது சுற்றுச்சூழலை மட்டும் பேசும் அறிக்கை.)

ஆனாலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. பொருள்வகை விதி எழுதுமுன், சம்பந்தப்பட்டவர்களின் கருத்தை வெளிப்படையாகக் கேட்டாக வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 14025-ஏ சொல்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கு ஐ.எஸ்.ஓ.வில் உறுப்பினர் இடம் உண்டு. அந்த அமைவனம் தன் குழுக்களில் மாந்தோப்பு உழவர்களையும் சிறு ஆலைக்காரர்களையும் சேர்க்க வேண்டும். சிறியவர்களின் கணக்கை ஊருக்கு ஒன்றாக எடுத்து, அதன் செலவை அரசும் வாங்கும் கம்பெனியும் ஏற்க வேண்டும். விதியின் வரைவு தெலுங்கிலும் தமிழிலும் வர வேண்டும். ஐரோப்பாவில் இருக்கும் நம் குடும்பங்களுக்கும் இதில் வேலை உண்டு. வரைவுகள் அங்கேதான் முதலில் வெளியாகின்றன, நம் பிள்ளைகள் அந்த மொழிகளைப் படிக்கிறார்கள். அடுத்த வரைவு வரும்போது அதைப் படித்துச் சொல்ல நம் சங்கத்தில் இரண்டு பேர் முன்வந்தால், தோப்புக்காரர் சொல்லும் பதிலை எழுதி அனுப்பும் வேலையைச் சங்கமே ஏற்கலாம்.