முப்பத்தெட்டும் பதின்மூன்றும்

இரண்டாமாண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவன்

சென்ற பருவத்தில் நம் கல்லூரித் தமிழ் மன்றத்தில் ஒரு பட்டிமன்றம் நடைபெற்றது நண்பர்களுக்கு நினைவிருக்கலாம். சட்டசபை முறை ஆங்கிலேயர் நமக்குத் தந்த கொடையா, இல்லையா என்பது தலைப்பு. 'கொடையே' என்ற அணிக்கு ஆள் கிடைக்கவில்லை. விடுதியில் சும்மா இருந்த என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார்கள். விவாதம் செய்து, வாக்கெடுத்துச் சட்டம் இயற்றும் நாகரிகத்தை வெள்ளையர் கற்றுத் தந்தனர் என்று மேசையைத் தட்டிப் பேசினேன். எங்கள் அணி வென்றது. எனக்கு ஓர் எவர்சில்வர் டம்ளரும் கிடைத்தது. வென்ற அந்த வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். டம்ளரை மட்டும் திருப்பித் தருவதாக இல்லை!

பேசி முடித்த பிறகுதான் படித்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் நூலகத்தின் கடைசி அலமாரியில் கோபால கிருஷ்ண கோகலேயின் சொற்பொழிவுகள் அடங்கிய பழைய ஆங்கிலத் தொகுதி ஒன்று இருக்கிறது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் என்ற வேகத்தில் படித்தேன். அதில் கட்டாயத் தொடக்கக் கல்வி மசோதாவைப் பற்றிய பேச்சுகளைப் படித்தபோதுதான் அந்தச் சபை எப்படி நடந்தது என்பது விளங்கிற்று.

முதலில் சபையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வைசிராயின் சட்டசபையில் இருந்தவர்கள் அனைவரும் அரசாங்கம் பொறுக்கி எடுத்தவர்கள். வந்த மசோதாவைப் பற்றிப் பேசலாம், வேறெதுவும் பேசக்கூடாது. கேள்வி கேட்கவும், வரவு செலவைப் பற்றிக் கருத்துக் கூறவும் 1892-இல்தான் வழி பிறந்தது. மிண்டோ - மார்லி சீர்திருத்தம் எனப்படும் 1909-ஆம் ஆண்டுச் சட்டம் சபையைப் பெரிதாக்கியது. உத்தியோகப் பற்றற்ற உறுப்பினர்கள் 32 பேர். அவர்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 27 பேர். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்றால் நம்மைப் போன்றோர் வரிசையில் நின்று வாக்களித்து அனுப்பியவர்கள் அல்லர். மாகாண சபை உறுப்பினர்கள், நிலச்சுவான்தார்கள், தனித்தொகுதி முஸ்லிம் வாக்காளர்கள், வங்காள, பம்பாய் வர்த்தக சபைகள் ஆகியோர் அனுப்பியவர்கள். அரசாங்க அதிகாரிகளின் எண்ணிக்கையோ இந்த 32-ஐவிடக் கூடுதலாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி உறுப்பினர் மனத்தில் என்ன நினைத்தாலும் அரசாங்கம் சொன்ன பக்கமே கை தூக்க வேண்டும். 1918-இல் வந்த மாண்டேகு - செம்ஸ்போர்டு அறிக்கையே இந்த அதிகாரிக் கூட்டத்தைக் குறைகூறியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சபையில்தான் 1911 மார்ச் 16-ஆம் நாள் கோகலே தம் மசோதாவைக் கொண்டுவந்தார். அதற்கு முந்திய ஆண்டு மார்ச்சில் இதே கருத்தை ஒரு தீர்மானமாகக் கொண்டுவந்து, அரசாங்கம் கவனிப்பதாகச் சொன்னதன் பேரில் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தார். கவனித்தபாடில்லை; ஆகவே மசோதா.

அந்த மசோதா கேட்டது என்ன? நாட்டிலுள்ள பிள்ளைகளையெல்லாம் நாளைக்கே பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றா? இல்லை. படிக்கும்போது எனக்கே கோபம் வருகிற அளவுக்கு அடக்கமான மசோதா அது. ஓர் ஊரில் ஏற்கெனவே குறிப்பிட்ட விகிதம் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும். அந்த விகிதம் எவ்வளவு என்பதையும் அரசாங்கமே வகுக்கும். பிறகு அவ்வூர் நகராட்சியோ மாவட்டக் கழகமோ விரும்பினால், மாகாண அரசின் அனுமதியும் கிடைத்தால், 6 முதல் 10 வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கலாம். பெண் பிள்ளைகள் பின்னால். மாதம் 10 ரூபாய்க்குக் குறைவாக வருமானம் உள்ள பெற்றோர் சம்பளம் கட்ட வேண்டாம். செலவில் மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கம் ஏற்க வேண்டும் என்பது கோகலேயின் யோசனை. இங்கிலாந்தில் 1870-ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்தோறும் இருந்த பள்ளிக் குழுக்களுக்கு இதே போன்ற அதிகாரத்தைத் தந்திருந்தது. தம் நாட்டில் தமக்குச் செய்துகொண்டதை எங்களுக்கும் கொஞ்சம் செய்யுங்கள் என்பதுதான் வாதம். 1911-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. பெண்களில் நூற்றுக்கு ஒருவர்!

மசோதா அரசிதழில் வெளியாயிற்று. மாகாண அரசுகளின் கருத்துக்குச் சென்றது. ஓராண்டு ஓடிற்று. 1912 மார்ச் 18, 19 ஆகிய இரண்டு நாள்கள் கல்கத்தாவில், ஹார்டிஞ்சு பிரபு தலைமையில் விவாதம் நடந்தது. அன்று கோகலே கேட்டது மசோதாவை நிறைவேற்றுங்கள் என்றுகூட அல்ல. பொறுக்குக் குழுவுக்கு அனுப்புங்கள், அங்கே உட்கார்ந்து திருத்தலாம் என்றுதான் கேட்டார்.

கல்வி இலாகாவைக் கவனித்துவந்த சர் ஹார்கோர்ட் பட்லர் எதிர்த்துப் பேசினார். காலம் கனியவில்லை, மக்கள் கேட்கவில்லை, மாகாண அரசுகள் விரும்பவில்லை, கட்டாயம் இல்லாமலே கல்வியைப் பரப்புவதுதான் நல்லது. இவையே அவர் தரப்பின் காரணங்கள். இவற்றில் எனக்கு மிகவும் உறைத்தது 'மக்கள் கேட்கவில்லை' என்பது. எழுத்தறியாதவன் எந்தத் தாளில் எழுதிக் கேட்பான்? காலம் கனியவில்லை என்பதற்குக் கோகலேயிடம் பதில் இருந்தது. பரோடா மன்னர் சாயாஜிராவ் 1893-இல் அம்ரேலிப் பகுதியில் தொடங்கி, 1906-இல் தம் சமஸ்தானம் முழுவதற்கும் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்துவிட்டார். ஒரு சமஸ்தானத்தால் முடிந்தது ஒரு பேரரசால் முடியாதா?

மதன்மோகன் மாளவியா ஆதரித்தார். ஜின்னா ஆதரித்தார். பேச்சு, மறுபேச்சு, பதிலுரை எல்லாம் முறைப்படி நடந்தன; ஒருவர் வாயையும் எவரும் பொத்தவில்லை. பிறகு வாக்கெடுத்தார்கள். ஆதரவு 13. எதிர்ப்பு 38. மசோதா தோற்றது. பொழுது சாய்வதற்குள் தோற்றுவிடும் என்பதை உரையாற்றும்போதே அறிந்திருந்தார் கோகலே. அதைச் சபையிலேயே சொல்லவும் சொன்னார். வாக்குகள் எங்கே விழும் என்பது முன்கூட்டியே தெரிந்த இடத்தில் இரண்டு நாள் பேச்சு எதற்கு? இதைத்தான் நான் நாகரிகம் என்று மேசையைத் தட்டினேன்.

அதே சமயம், அரசாங்கத்துக்கு ஒன்று வேண்டுமென்றால் அந்தச் சபை எவ்வளவு விரைவாக வேலை செய்யும் தெரியுமா? லிட்டன் பிரபுவின் காலத்தில், இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டம் 1878 மார்ச் 14-ஆம் நாள் ஒரே அமர்வில் நிறைவேறிற்று. அன்று எந்த மாகாணத்தின் கருத்துக்காகவும் ஓராண்டு காத்திருக்கவில்லை. 1919-இல் ரௌலட் மசோதா வந்தபோது நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் டில்லியில் எதிர்த்து ஆற்றிய உரையைக் காந்தியடிகளே பார்வையாளராக அமர்ந்து கேட்டார். தேர்ந்தெடுக்கப்பட்ட இந்திய உறுப்பினர்கள் எல்லாரும் எதிர்த்தனர். ஆயினும் மார்ச் 18-ஆம் நாள் அது நிறைவேறியது. மாளவியாவும் ஜின்னாவும் உறுப்பினர் பதவியை விட்டு விலகினார்கள். (இந்தச் சபையில் நடந்த அநியாயமெல்லாம் மார்ச்சில்தான் நடந்திருக்கிறது. நமக்கும் மார்ச் அவ்வளவு நல்ல மாதம் இல்லை.)

இவ்வளவும் சொன்னால், அப்படியென்றால் எல்லாம் வெள்ளைக்காரன் செய்த சூழ்ச்சி என்று எதிரணி நண்பர்கள் கைதட்டக்கூடும். அங்கேதான் எனக்கு ஒரு நெருடல். நான் இயற்பியல் மாணவன். கூட்டல் கழித்தல் செய்யாமல் விடமாட்டேன். உத்தியோகப் பற்றற்றவர்கள் 32 பேர். கோகலேயின் பக்கம் நின்றவர்கள் 13 பேர். மீதிப் 19 பேர் எங்கே? சிலர் எதிர்த்து வாக்களித்தார்கள். சிலர் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். அவர்களுள் பெரும்பாலோர் நம்மவர்கள்தாம். சீமான்கள், ஜமீன்தார்கள், படித்தவர்கள். பண்ணையில் மாடு மேய்க்கும் பையன் பள்ளிக்குப் போய்விட்டால் மாட்டை யார் மேய்ப்பது? இந்தக் கவலை இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்திறங்கியது அல்ல. 32 பேரும் சேர்ந்து நின்றிருந்தாலும் மசோதா தோற்றுத்தான் இருக்கும். ஆனால் 32 பேர் ஆதரித்துத் தோற்ற மசோதா வேறு, 13 பேர் ஆதரித்துத் தோற்ற மசோதா வேறு. முன்னது மக்களின் குரல் என்று சொல்லிக்கொள்ளலாம். பின்னதை வைத்துக்கொண்டு 'மக்களே கேட்கவில்லை' என்று பட்லர் சொன்னால் யார் மறுப்பது?

ஆகவே சபை வெறும் பொம்மலாட்டம் என்றும் என்னால் சொல்ல இயலவில்லை. பொம்மலாட்டமாக இருந்தால் யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது அச்சில் ஏறியிருக்காது. அந்த அச்சுத்தாள் இருந்ததால்தான் விட்டல்பாய் பட்டேல் 1918-இல் பம்பாய் மாகாணத்தில் இதே வேலையைத் தொடர முடிந்தது. 1920-இல் சென்னை மாகாணத்திலும் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. அவற்றைப் பார்க்கக் கோகலே உயிரோடில்லை. 1915-இலேயே, 48 வயதில் காலமானார். கல்வியைக் குழந்தையின் அடிப்படை உரிமையாக அரசியலமைப்பில் சேர்த்தது 2002-இல். அதற்கான சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்த வாக்கெடுப்பிலிருந்து எண்ணினால் 98 ஆண்டுகள்.

98 ஆண்டுகள் என்பது சரித்திரப் புத்தகத்தில் ஒரு வரி. எங்கள் வீட்டில் அது மூன்று தலைமுறை. என் கொள்ளுத் தாத்தாவுக்குப் பிறந்த தேதி கிடையாது. பாட்டி சொல்லும் கணக்கைப் பார்த்தால் 1912 வாக்கில் ஆறேழு வயதுப் பையனாக இருந்திருப்பார்; அந்த வயதில் பண்ணைக்கு மாடு மேய்க்கப் போனவர். மசோதாவில் கண்ட வயது! அவர் கைநாட்டு. தாத்தா கைநாட்டு. அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் என்னைவிட நல்ல மதிப்பெண் வாங்கினாள். இருவரையும் படிக்க வைக்க முடியாது என்பதால் மில் வேலைக்குப் போனாள். மாதம் பிறந்ததும் என் விடுதிச் சாப்பாட்டுக்குப் பணம் அனுப்புகிறாள். கோகலேயின் அண்ணனும் தந்தை இறந்தபின் படிப்பை விட்டு வேலைக்குப் போய், 15 ரூபாய்ச் சம்பளத்தில் 8 ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பியவர் என்று படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மசோதாவில் பெண் பிள்ளைகள் 'பின்னால்' என்று இருந்ததும் அன்றுதான் மறுபடி கண்ணில் பட்டது.

காந்தி ஜயந்தியன்று ஊருக்குப் போயிருந்தேன். கிராம சபை கூடிற்று. தீர்மானங்கள் முன்பே எழுதப்பட்டுத் தயாராக இருந்தன. பெயர் வாரியாகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். அம்மாவின் முறை வந்தது. மைப்பெட்டியை நீட்டினார்கள். "என்ன எழுதியிருக்குன்னு ஒரு தரம் படிச்சுச் சொல்லிடுங்கண்ணே" என்று நான் கேட்டேன். எழுதியிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீயே படிப்பா" என்று புத்தகத்தை என் கையில் கொடுத்தார். ஏழு தீர்மானங்கள். நின்றுகொண்டே உரக்கப் படித்தேன். நான்காவது தீர்மானம் எங்கள் தெருத் தண்ணீர்க் குழாயைப் பற்றியது. அதைப் படித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "அந்தக் குழாய் போட்டாச்சுன்னா எழுதியிருக்கு? எங்கே போட்டாங்க, காட்டச் சொல்லு" என்றார். அதன் பிறகு கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது.