தங்கியவரே ஊழியர்

‘இறைவன் என்னை ஊழியத்திற்கு அழைத்தார்’ என்று சொல்பவர்களை நம் சமுதாயத்தில் அடிக்கடி சந்திக்கிறோம். நெகிரி செம்பிலானில், தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழர்கள் வாழும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போனால் செபக் கூட்டம், சுகமளிக்கும் கூட்டம், குடும்ப ஆசீர்வாதக் கூட்டம் என்ற அறிவிப்புகளைச் சுவரில் காணலாம். கிறிஸ்தவக் குடும்பத்தில், அதுவும் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு ஒரு கேள்வி உண்டு. உண்மையான அழைப்பை எப்படி அடையாளம் காண்பது?

என் கருத்து இதுதான். வந்து பேசிவிட்டுப் போனவரை வைத்து அழைப்பை அளக்க முடியாது. மக்களோடு தங்கியவரிடமே அதைக் காண முடியும்.

இதற்கு நம் மாநில வரலாற்றிலேயே சான்று உண்டு. ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூரில் உணவுப் பற்றாக்குறை கடுமையானது. ஆட்சியாளர்கள் யுரேசிய, சீனக் கத்தோலிக்கக் குடும்பங்களை 1943ஆம் ஆண்டு இறுதியிலிருந்து பகாவ் வட்டாரத்தில் குடியேற்றினர். காட்டை அழித்துப் பயிரிட்டுப் பிழைக்க வேண்டும் என்பது திட்டம். இம்மக்களுக்குத் தலைமை ஏற்றவர் மலாக்கா மறைமாவட்ட ஆயர் அட்ரியன் டெவால்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர். மண் விளைச்சல் தரவில்லை. மலேரியாவும் சத்துக்குறைவும் நூற்றுக்கணக்கானோரின் உயிரைக் குடித்தன. அறுபது வயதைத் தாண்டிய ஆயரும் மண்வெட்டி பிடித்தார். காலில் ஏற்பட்ட காயம் முற்றி, 1945 ஜனவரியில் சிரம்பான் மருத்துவமனையில் இறந்தார். அந்தக் குடியேற்றம் தோல்வியில் முடிந்தது. மக்களை அங்கே அழைத்துச் சென்றது சரியா என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால், தம்மை நம்பி வந்தவர்களைக் காட்டில் விட்டுவிட்டு அவர் தப்பிப் போகவில்லை.

ஆயர்கள் எல்லா இடத்துக்கும் வாய்ப்பதில்லை. எங்கள் தோட்டத்திற்கு நகரத்துப் பங்குத் தந்தை மாதம் ஒருமுறைதான் பூசை வைக்க வருவார். எஞ்சிய நாள்களில் எங்களைத் தாங்கியவர் உபதேசியார். அவரும் பால்மரம் வெட்டியவரே. விடியற்காலையில் பெரட்டுக்கு நிற்பார். மாலையில் சிற்றாலயத்தில் செபமாலை சொல்வார். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பார். இவை அவருடைய கடமைகள். இவற்றுக்கு அப்பால் அவர் செய்தவையே எனக்குப் பெரியவையாகப் படுகின்றன. சேமநிதிப் பாரங்களை நிரப்பித் தருவார். சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த முதியவர்களைப் பதிவிலாகாவுக்கு அழைத்துச் செல்வார். குடித்துவிட்டு மனைவியை அடிப்பவன் வீட்டு வாசலில் போய் நிற்பார். சாவு வீடென்றால் எந்தச் சமயம் என்று பார்க்கமாட்டார். மாரியம்மன் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் வேலைக்கு எங்களை அனுப்புவார். மாதா திருநாளுக்குக் கோயில் தலைவர் பந்தல் போட ஆள் அனுப்புவார்.

பின்னர் தோட்டங்கள் சுருங்கின. நீலாய், லாபு, சிரம்பான் வட்டாரங்களில் ரப்பர் மரங்கள் நின்ற பல இடங்களில் இன்று தாமான்களும் தொழிற்பேட்டைகளும் நிற்கின்றன. மக்கள் கலைந்தபோது ஒருவரையொருவர் அறிந்திருந்த வாழ்வும் கலைந்தது. நான்காம் மாடியில் ஒரு தாய் மகனை நினைத்து அழுதால் மூன்றாம் மாடிக்குத் தெரிவதில்லை. ஆலோங் கடன், குண்டர் கும்பல், மது ஆகியவற்றின் வாசல்கள் மட்டும் திறந்தே கிடக்கின்றன.

இந்த வெற்றிடத்தில்தான் சிலர் ஊழியம் என்ற பெயரில் நுழைகின்றனர். நான் அறிந்த ஓர் இந்துக் குடும்பத்தில், நோயுற்ற மகனுக்காகச் செபிக்க வந்த ஒரு குழு, வீட்டிலிருந்த அம்மன் படமே நோய்க்குக் காரணம் என்றது. தாய் படத்தை எடுத்தார். தந்தை அவரோடு பேசுவதை நிறுத்தினார். மகன் குணமாகவில்லை. குழு அடுத்த புளோக்குக்குப் போய்விட்டது. உடைந்த வீட்டுக்கு யார் பொறுப்பு?

‘அப்படியானால் நற்செய்தியை அறிவிக்கவே கூடாதா?’ என்று என் கிறிஸ்தவ நண்பர்கள் கேட்கின்றனர். அறிவிக்கலாம். மனமுவந்து நம்பிக்கையை ஏற்பவரை நான் மதிக்கிறேன். ஆனால், ஒரு தாயின் அச்சத்தைப் பயன்படுத்துவது அறிவிப்பு ஆகாது. இயேசு தம் கடைசி இரவில் சீடர்களின் கால்களைக் கழுவினார். காட்டிக்கொடுக்கப் போகிறவனின் கால்களையும் அவர் ஒதுக்கவில்லை. ஊழியத்திற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா? அதே வேளையில், அந்த அடுக்குமாடிப் படிகளில் ஏறவே ஏறாத நகரத்து ஆலயங்களுக்கு, ஏறுபவரைக் குறை சொல்லும் தகுதியும் இல்லை.

பல்கலைக்கழக மாணவர்களுக்குத் தனிநாயகம் அடிகளார் நல்ல முன்மாதிரி. கத்தோலிக்கக் குருவான அவர் 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைமையை ஏற்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடைபெற அவர் உழைப்பே அடித்தளம். தம் குருத்துவத்தை அவர் மறைக்கவில்லை. அதைக் காட்டித் தமிழரைப் பிரிக்கவும் இல்லை. தாம் பெற்ற அழைப்பைத் தமிழ்ப்பணியிலும் வாழ்ந்து காட்டினார்.

நண்பர்களே, நம்மில் பலர் பால்வாளி தூக்கியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் உணவுப் பொட்டலம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது எளிது. வாரம் ஒரு மாலை, அதே அடுக்குமாடிக்கு, அதே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஓராண்டு தொடர்ந்து போவது கடினம். நம் பட்டம் யாருக்குப் பயன்படும் என்பது அந்தக் கடினத்தில்தான் தெரியும். கிறிஸ்தவராயின் கிறிஸ்துவின் பெயரால் போங்கள். பிற சமயத்தவராயின் தொண்டின் பெயரால் போங்கள். போன இடத்தில் தங்குங்கள்.